வாடகை பாக்கிக்காகக் காலி செய்யச் சொன்னால்

காலையில் கதவைத் திறந்தால் ஒரு தாள் ஒட்டியிருந்தது. "ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்யவும்." கீழே வீட்டுக்காரரின் கையெழுத்து. அப்போது எனக்கு இரண்டு மாத வாடகை பாக்கி. தப்பு நம்முடையதுதானே என்ற கூச்சத்தில் பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா தாளைப் படித்துவிட்டு, "தம்பி, இதில் கோர்ட் முத்திரை எங்கே?" என்று கேட்டார். மூட்டையை அவிழ்த்தேன்.

நீங்களும் முதலில் அதைத்தான் பாருங்கள். பெரும்பாலான நாடுகளில் வீட்டுக்காரரின் நோட்டீஸ் வெறும் ஆரம்பம்தான். வெளியேற்றும் அதிகாரம் நீதிமன்றத்துக்கோ வாடகைத் தீர்ப்பாயத்துக்கோதான் உண்டு. பூட்டை மாற்றினாலோ, தண்ணீரை நிறுத்தினாலோ போட்டோ எடுத்து, தேதி குறித்து, எழுத்தில் புகார் கொடுங்கள். தொடர்ந்து வாடகை தராத ஒருவரை வெளியேற்றலாம், ஆனால் சட்டப்படி மட்டுமே, முறையிடும் வழிகளும் திறந்திருக்க வேண்டும் என்று ஐ.நா. குழு ஒன்று 1997-லேயே எழுதிவைத்திருக்கிறது. 7-வது பொதுக் கருத்துரை என்ற அந்த விளக்கக் குறிப்பு, குடியிருப்பவரின் சம்மதம் இல்லாமல் இரவிலும் மிக மோசமான வானிலையிலும் வெளியேற்றக் கூடாது என்றும் சொல்கிறது. பிரான்சில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, சில விலக்குகள் தவிர, யாரையும் வெளியேற்ற முடியாது.

அப்புறம் பணம். பாக்கி முழுவதும் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள், நான் செய்த பெரிய தவறு அதுதான். கையில் இருப்பதை வங்கி வழியாக அனுப்பி, எந்த மாத வாடகை என்று குறிப்பில் எழுதுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது வாங்காமல் நகராதீர்கள். "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். ஒப்பந்தமோ சட்டமோ இடம் கொடுக்காவிட்டால் அதுவும் பாக்கியாகத்தான் நிற்கும்.

கூடவே ஒரு கடிதம். நான் எழுதியது இவ்வளவுதான்: "வேலை போனதால் இரண்டு மாத வாடகை நின்றுவிட்டது. நடப்பு வாடகையை ஒழுங்காகத் தருகிறேன். பாக்கியை நான்கு தவணையில் தீர்க்கிறேன். சம்மதம் என்றால் கையெழுத்திட்டுத் தாருங்கள்." நகலை வைத்துக்கொண்டேன். "நானாகவே காலி செய்கிறேன்" என்று எழுதித் தரச் சொல்லி யாராவது கேட்டால், வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சரி, வழக்கே வந்துவிட்டது என்றால்? விசாரணைத் தேதியைத் தவறவிடவே கூடாது. நீங்கள் போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாக உத்தரவு வந்துவிடும். பல இடங்களில் அந்தக் கட்டத்திலும் பாக்கியைக் கட்டி வீட்டைக் காப்பாற்றலாம். ஜெர்மனியில் வழக்கு மனு கைக்கு வந்து இரண்டு மாதத்துக்குள் முழுப் பாக்கியையும் கட்டினால், உடனடியாகக் காலி செய்யச் சொன்ன நோட்டீஸ் பொதுவாகச் செல்லாது. உங்கள் ஊர்ச் சட்டத்தில் எத்தனை நாள் அவகாசம் என்பதை இலவச சட்ட உதவி மையத்தில் கேளுங்கள். போகும்போது ஒப்பந்தம், ரசீதுகள், கடித நகல், கதவில் ஒட்டிய தாள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.