தீபாவளிக்குப் பத்து நாள்தான்: காரைக்குடியிலிருந்து வாடிக்கையாளர்களுக்கு என்ன அனுப்பலாம்?

கடைசி நேரத்தில் பரிசு தேடுகிறவர்கள் முதலில் கடைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கண்ணில் பட்டதை ஐம்பது பெட்டி வாங்கி இறக்கிய பிறகுதான், எதை யாருக்கு எப்படி அனுப்புவது என்ற யோசனை வரும். வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: முதலில் ஊர், அடுத்து ஆள், கடைசியில் பொருள். நாள் குறைவாக இருக்கும்போது பரிசைத் தீர்மானிப்பது, அது எத்தனை நாள் பெட்டிக்குள் கிடக்கப் போகிறது என்ற கணக்குத்தான்.

ஊர்க் கணக்கு

ஒரு தாளில் பெயர், ஊர், வீட்டு முகவரியா கடை முகவரியா, யார் கையில் வாங்குவார் என்று நான்கு கட்டம் போட்டு எழுதுங்கள். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல் ஆட்களுக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் மரியாதை. இவர்களைக் கடைசி மூன்று நாளுக்கு ஒதுக்கலாம். மதுரைக்கும் திருச்சிக்கும் ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீட்டர்தான். காலையில் பஸ் பார்சலில் ஏற்றினால் அன்றே போய்விடும், ஆனால் அங்கே போய் எடுக்க ஒரு ஆள் வேண்டும். சென்னை, கோவைக்குக் கூரியர்காரர் இரண்டு நாள் என்பார். தீபாவளி வாரத்தில் அதை நான்காக வைத்துக்கொள்ளுங்கள். வட இந்தியா என்றால் ஒரு வாரம்.

வடக்கே இருக்கிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. நமக்குச் சதுர்த்தசி விடியற்காலை எண்ணெய்க் குளியலோடு பண்டிகை. அவர்களுக்கு அமாவாசை மாலை லட்சுமி பூஜைதான் முக்கியம். சில வருஷங்களில் அது நமக்கு மறுநாள் வரும். அந்த ஒரு நாளை நம்பித் தாமதிக்காதீர்கள். குஜராத்தி வியாபாரிகள் பலர் தீபாவளியோடு கடையை அடைத்தால் ஐந்தாம் நாள் வரும் லாப் பஞ்சமிக்குத்தான் திறப்பார்கள். பூட்டிய கடைக்குப் போன பார்சல் கூரியர் கிடங்கில் கிடந்து, நமுத்துத் திரும்பி வரும். அவர்களுக்கு வீட்டு முகவரி வாங்கி அனுப்புங்கள்.

ஆள் கணக்கு

அரசு அலுவலர், பொதுத்துறை வங்கி மேலாளர், வரி அலுவலகம்: இந்தப் பெயர்களை அடித்துவிடுங்கள். ஸ்வீட் பாக்ஸ்தானே என்று நாம் நினைப்போம். பதில் சொல்ல வேண்டியவர் அவர். நேரில் பார்த்து ஒரு வாழ்த்து போதும். பெரிய கம்பெனிகளின் கொள்முதல் மேலாளர்களுக்கும் பரிசு வாங்கும் விதி இருக்கும். அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டுவிடலாம், கேட்பதில் வெட்கம் இல்லை. தனிப்பெயருக்கு வாங்க மாட்டார்கள் என்றால் அந்தப் பிரிவுக்கே பொதுவாகப் பிரித்துச் சாப்பிட இரண்டு கிலோ காரம் அனுப்புங்கள்.

இந்த வருஷம் கேதம் (சாவு) நடந்த வீடு எது என்று விசாரியுங்கள். "எங்களுக்கு இந்த வருஷம் தீபாவளி இல்லை" என்று சொல்லும் வீட்டுக்கு வாழ்த்து அட்டை ஒட்டிய இனிப்புப் பெட்டி போய்ச் சேர்ந்தால், அதைவிடச் சும்மா இருந்திருக்கலாம். பண்டிகை கழிந்து பழத்தோடு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவது சரி.

முதலாளிக்கு அனுப்புகிறவர்கள் கணக்குப்பிள்ளையையும் குடோன் பையனையும் மறந்துவிடுகிறார்கள். உங்கள் பில்லை மேலே வைப்பது யார், உங்கள் லாரியை முதலில் இறக்குவது யார் என்று பார்த்தால் கணக்கு புரியும். அவர்களுக்கு அரை கிலோ பொட்டலம் தனியாக, பெயர் எழுதிப் போகட்டும். பெரிய பெட்டியும் சின்னப் பொட்டலமும் ஒரே நேரத்தில் ஒரே மேஜையில் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எது தாங்கும், எது தாங்காது

வெளியூருக்கு ஒரே ஒரு பொருளைச் சொல்லச் சொன்னால் கவுனி அரிசியைத்தான் சொல்ல வேண்டும். பர்மா வியாபாரத்தோடு செட்டிநாட்டுக்கு வந்த கறுப்பு அரிசி. கல்யாணப் பந்தியில் இனிப்பாக வைப்பது. உடையாது, கெடாது, நமுக்காது, இடத்தை அடைக்காது. அரை கிலோ கவுனி, கால் கிலோ நாட்டுச் சர்க்கரை, பத்து ஏலக்காய் ஒரு சின்னப் பொட்டலம், செய்முறைச் சீட்டு ஒன்று. இவ்வளவுதான் பரிசு. நெய்யையும் சேர்க்க ஆசை வரும். கூரியரில் பாட்டில் கசிந்தால் மற்றதெல்லாம் வீண், விட்டுவிடுங்கள்.

சீட்டு இல்லாமல் அனுப்பினால் பாதிப் பேர் சாதாரண அரிசி போலச் சமைத்து, வேகவில்லை என்று ஒதுக்கிவிடுவார்கள். சீட்டில் இப்படி எழுதுங்கள்: ஒரு கப் அரிசியைக் கழுவி, நான்கு கப் தண்ணீரில் இரவு முழுக்க ஊற வைக்கவும். ஊறிய தண்ணீரோடே குக்கரில் ஏழெட்டு விசில் விடவும். அரிசி விரல் நடுவே நசுங்கிய பிறகுதான் முக்கால் கப் சர்க்கரை சேர்க்கவும்; முன்னாலேயே சேர்த்தால் அரிசி விறைத்துக்கொள்ளும். அரை கப் தேங்காய்த் துருவல், இரண்டு மேஜைக்கரண்டி நெய், ஏலத்தூள் போட்டு இறக்கவும். வாங்கும்போது அரிசியை உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். மாவு ஒட்டினாலோ அரிசிகள் நூல் கோத்ததுபோல் ஒட்டி நின்றாலோ பூச்சி வைத்த பழைய சரக்கு.

பலகாரத்தில் தேன்குழலும் கைமுறுக்கும் முதல் தரம். தண்ணீர்ச் சத்து இல்லை, நல்ல எண்ணெயில் சுட்டுக் காற்றுப் புகாமல் கட்டினால் மூன்று வாரம் நிற்கும். சீப்புச் சீடையில் தேங்காய்ப் பால் சேர்வதால் அதற்கு இரண்டு வாரத்துக்கு மேல் நம்பாதீர்கள். மாவுருண்டையில் பருப்பு மாவு, சர்க்கரை, சுடுநெய் மட்டும். தண்ணீர் படாததால் கெடுவதில்லை, ஆனால் கூரியரில் தூளாகிவிடும். ஒவ்வொன்றையும் காகிதக் கிண்ணத்தில் வைத்து ஒற்றை அடுக்காக அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள், இல்லையென்றால் உள்ளூருக்கு மட்டும். மனகோலம் ருசியில் மற்றதையெல்லாம் தூக்கிச் சாப்பிடும். பாகில் புரட்டிய பண்டம் ஐப்பசி ஈரக் காற்றில் கசிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதுவும் கையில் கொடுக்கிற இடத்துக்குத்தான். வெள்ளைப் பணியாரம், உக்காரை, பால்கோவா எல்லாம் பட்டியலிலேயே வேண்டாம்.

அதிரசத்துக்குப் பாகு மாவு குறைந்தது ஒரு நாளாவது ஊற வேண்டும், இரண்டு மூன்று நாள் ஊறினால் இன்னும் நல்லது. தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் போய் நூறு அதிரசம் கேட்டால், ஒத்துக்கொள்கிற கடைக்காரர் அன்று கலந்த மாவில்தான் சுட்டுத் தருவார். எண்ணெயில் பிரியும், மறுநாள் விறைக்கும். ஐந்து நாள் முன்னால் சொல்ல முடியவில்லையா, அதிரசத்தை மறந்துவிடுங்கள்.

ஆர்டர் கொடுக்கும் முன் ருசி பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. தட்டில் எடுத்து நீட்டும் தேன்குழலைச் சாப்பிட்டுத் தலையாட்டாமல், டின்னின் அடியில் இருப்பதைக் கேளுங்கள். மென்று விழுங்கியபின் தொண்டையில் சிக்கு வாடை அடித்தால் எண்ணெய் பழசு. அந்தச் சரக்கு உங்கள் வாடிக்கையாளர் கைக்குப் போவதற்குள் நாறிவிடும். கடை பேக்கிங்கில் பதினான்கு இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) உரிம எண், தயாரித்த தேதி, கெடு தேதி, சேர்மானப் பட்டியல், பச்சைப் புள்ளி இருக்க வேண்டும். ஜைன வாடிக்கையாளருக்கு வெங்காயம், பூண்டு இல்லாததைப் பார்த்து எடுங்கள். அந்தச் சேர்மானப் பட்டியல் அவர்களுக்கும் வேண்டும்.

பெட்டி கட்டுவது

சுட்ட பலகாரம் முழுக்க ஆறாமல் உறையில் போனால் உள்ளே வியர்க்கும், அடுத்த நாளே நமுக்கும். சூடு தெரியாவிட்டாலும் சுட்டு மூன்று நான்கு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஒரு உறையை ஒட்டிப் பத்து நிமிஷம் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் பனி படிந்தால் எல்லாவற்றையும் திறந்து மறுபடி ஆற விடுங்கள்.

ஐந்து அடுக்கு அட்டைப்பெட்டிதான் வாங்க வேண்டும். எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் செய்தித்தாள் சுருள் திணித்து ஒட்டியபின் குலுக்கிப் பாருங்கள், சத்தம் வரக் கூடாது. மழைக்காலம் என்பதால் பெட்டிக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் உறை. போன் எண்ணை ஒட்டுச்சீட்டில் மட்டும் எழுதினால் நனைந்து அழியும்; பெட்டி மேலேயே மார்க்கர் பேனாவால் எழுதுங்கள்.

கூரியர் கட்டணத்தில் பலர் ஏமாறுவது அளவு எடையில். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது கூரியர்களின் வழக்கம். 30, 25, 20 அளவுப் பெட்டி என்றால் 3 கிலோ. உள்ளே இருக்கும் தேன்குழல் ஒரு கிலோதான், ஆனால் மூன்று கிலோவுக்குப் பணம் கட்டுவீர்கள், மூன்றில் இரண்டு பங்கு காற்றுக்கு. அதே ஒரு கிலோ கவுனி அரிசியைக் கால்வாசிப் பெட்டியில் அடக்கிவிடலாம்.

கொட்டானும் கல்லும்

சாப்பாட்டுப் பொருள் வேண்டாம் என்பவர்களுக்குச் செட்டிநாட்டுக் கொட்டான் நல்ல தேர்வு. பனையோலையில் முடைந்த கூடை, புவிசார் குறியீடு பெற்றது, எடையே இல்லை. இந்த நேரத்தில் உங்கள் நிறுவன நிறத்தில் முடைந்து தரச் சொல்லாதீர்கள், கைவேலை, முடியாது. கையிருப்பில் இருப்பதை எடுங்கள். கொட்டானுக்குள் எண்ணெய்ப் பலகாரத்தை நேராக வைத்தால் ஓலை எண்ணெயை இழுத்துக் கறையாகும், ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், சாயமும் இறங்கும். உறையில் போட்டு ஒட்டியே வைக்க வேண்டும்.

ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் பூவேலைச் சிமெண்ட் கல்) ஒன்றை அடியில் கார்க் ஒட்டி மேஜைத் தட்டாகக் கொடுப்பது அழகான யோசனை. எட்டு அங்குலக் கல்லே ஒன்றரைக் கிலோவைத் தாண்டும், மூலை உதிரும். உள்ளூருக்கும் காரில் போகும் இடத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை, புளி பட்டால் சிமெண்ட் மேல்தளம் வெளுக்கும் என்று ஒரு வரி எழுதிச் சேருங்கள். பெயர் பதித்துப் புதிதாக வார்க்கச் சொல்ல இது நேரமில்லை. கண்ணாடி மேல் வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு, காய வைக்கிற வேலை, அதுவும் மழைக்காலத்தில்.

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலை எவ்வளவு அழகாக இருந்தாலும் வியாபார உறவில் வேண்டாம். சேலை எடுத்துக் கொடுப்பது சொந்தக்காரர் செய்வது. கத்தி, இரும்பு, எண்ணெய், கறுப்புத் துணி கொடுப்பதைப் பல வீடுகளில் விரும்புவதில்லை. சாமி படம், விளக்கு, குங்குமச் சிமிழ் எல்லாம் ஆளைத் தெரிந்தால் மட்டும். தன்தேரஸ் (தீபாவளிக்கு முன் தங்கம், வெள்ளி வாங்கும் நாள்) கொண்டாடும் மார்வாடி வாடிக்கையாளருக்கு அதற்கு முன்பே சிறு வெள்ளிக் காசு போய்ச் சேர்ந்தால் நிச்சயம் நினைவில் வைத்திருப்பார்.

முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் வாங்கி சிங்கப்பூர், மலேசிய வாடிக்கையாளருக்கு அனுப்பலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. பலகாரமும் அந்த நாட்டுச் சுங்கத்தில் மாட்டலாம். அங்கேயே ஒரு கடைக்குப் பணம் கட்டி வீட்டில் இறக்கச் சொல்வதுதான் இந்த நேரத்தில் நடக்கிற காரியம்.

பட்டாசுப் பெட்டி? சிவகாசி பக்கம்தான், விலையும் வசதிதான். ஆனால் கூரியரில் வாங்க மாட்டார்கள். ரயிலில் கொண்டுபோனால் ரயில்வே சட்டம் 164-ஆம் பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை.

பில், விலாசம்

பரிசாகக் கொடுத்த பொருளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியாது. அதையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். ஒரே ஆளுக்கு ஒரு நிதியாண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் போனால் பத்து சதவீத டிடிஎஸ் (வரிப் பிடித்தம்) கேள்வி வரும். 2022 ஜூலையில் வந்த விதி அது. தங்க, வெள்ளிக் காசு வாங்குகிறவர்கள் முதலில் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அட்டையில் அச்சடித்த நான்கு வரியை விடக் கையால் எழுதிய இரண்டு வரி மேல். அதிலும் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வாடிக்கையாளருக்கு விலாசம் தப்பக் கூடாது. இங்கே விலாசம் என்பது பெயருக்கு முன்னால் வரும் எழுத்துகள், அதில் அப்பா, ஐயா, பாட்டையா எல்லாரும் இருக்கிறார்கள். மூன்று எழுத்து வர வேண்டிய இடத்தில் இரண்டு எழுதினால் அதே தெருவில் இருக்கும் பங்காளி வீட்டுக்குப் பெட்டி போய்விடும், பிறகு திரும்பக் கேட்கவும் முடியாது. அவர் அனுப்பிய பழைய பில் அல்லது கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து அப்படியே எழுதுங்கள்.

நேரில் போகும்போது ராகு காலம் பார்த்துப் போங்கள். நீங்கள் பார்க்காவிட்டாலும் வாங்குகிறவர் பார்ப்பார். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை, வெள்ளி பத்தரையிலிருந்து பன்னிரண்டு, இந்த இரண்டில்தான் பலர் போய் மாட்டுவது. வீட்டில் ஆச்சி மட்டும் இருந்தால் அவர்கள் கையிலேயே கொடுத்து, இன்னார் கடையிலிருந்து என்று சொல்லிவிட்டு வரலாம். தட்டில் வெற்றிலை பாக்கு, இரண்டு வாழைப்பழம் சேர்த்தால் பெட்டி சின்னதாக இருந்தாலும் குறையாகத் தெரியாது. பேச்சில் பாக்கித் தொகையை மட்டும் எடுக்காதீர்கள்.

தேதி தவறியே விட்டதென்றால் தீபாவளி முடிந்து நான்காம் நாள் தீபாவளிப் பெட்டி அனுப்ப வேண்டாம். போனில் வாழ்த்துச் சொல்லிவிட்டு, வாங்கிய கவுனி அரிசியைப் பொங்கலுக்கு வையுங்கள். நகரத்தார் வீடுகளுக்கு அதற்கு முன்பே, திருக்கார்த்திகை கழிந்து இருபத்தோராம் நாள் பிள்ளையார் நோன்பு வருகிறது. இழை எடுக்க, அதாவது நூல் திரி ஏற்றிய மாவை எடுத்துச் சாப்பிட, எல்லாரும் ஒரே இடத்தில் கூடியிருப்பார்கள். அந்தத் தேதியை இப்போதே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள், அதிரச மாவுக்கும் நேரம் கிடைக்கும்.