அல்சைமர் நோயில் மூளை அழற்சி: நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அல்சைமர் நோயில் மூளையில் அழற்சி உண்டாகிறது என்றதும் பலர் அதை மூளைக்காய்ச்சலோடு குழப்பிக்கொள்கிறார்கள். மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் கிருமித் தொற்றால் வந்து, காய்ச்சலும் வலிப்புமாகச் சில நாட்களிலேயே முற்றிவிடும். அல்சைமரில் காணப்படும் அழற்சியோ காய்ச்சலும் வலியும் இல்லாமல் பல ஆண்டுகள் உள்ளுக்குள்ளேயே நடப்பது. வழக்கமான ரத்தப் பரிசோதனையில் அழற்சி அளவு சரியாக இருக்கிறது என்பதால் மூளையிலும் சிக்கல் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

இதைவிடப் பெரிய தவறு, அழற்சி முழுவதையுமே எதிரியாகக் கருதுவது. மூளையில் அழற்சியை நடத்தும் காவல் செல்களான மைக்ரோக்ளியா, மெல்லிய கிளைகளை நீட்டியும் மடக்கியும் சுற்றுப்புறத்தைத் துழாவிக்கொண்டே இருக்கின்றன. அல்சைமரில் மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதப் படிவைக் கண்டால் சூழ்ந்து விழுங்க முயல்கின்றன, முடியாததைச் சுற்றி வேலிபோல் நெருங்கி நிற்கின்றன. இந்தப் பணிக்கு உதவும் ட்ரெம்2 மரபணுவில் ஏற்படும் ஓர் அரிய மாற்றம் அல்சைமர் ஆபத்தைக் கணிசமாகக் கூட்டுவதை 2013இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. அந்த மாற்றம் இச்செல்களின் திறனைக் குறைக்கிறது. அதாவது, காவல் தளர்ந்தாலும் நோய்க்கு வழி பிறக்கிறது. படிவுகள் நீங்காமல் ஆண்டுக்கணக்கில் தூண்டப்படும்போதோ, இதே செல்கள் நரம்பிணைப்புகளைச் சிதைக்கத் தொடங்குகின்றன.

ஆகவே, அழற்சியை அடக்கும் வலி மாத்திரைகளை மறதியைத் தடுப்பதற்காகத் தாமாகவே சாப்பிடுவது ஆபத்தானது. மூட்டுவாதத்துக்காக அவற்றை நெடுங்காலம் உட்கொண்டவர்களிடம் அல்சைமர் குறைவாகக் காணப்பட்டது உண்மைதான். அந்த நம்பிக்கையில் நாப்ராக்ஸென், செலிகாக்ஸிப் ஆகிய மருந்துகளை முதியவர்களுக்குக் கொடுத்து 2001இல் தொடங்கிய பெரிய சோதனையில், இதயப் பாதுகாப்பு பற்றிய கவலையால் 2004 டிசம்பரில் மருந்து நிறுத்தப்பட்டது. தடுப்புப் பலனும் தெரியவில்லை. வயிற்றில் ரத்தக்கசிவும் சிறுநீரகப் பாதிப்பும் முதியவர்களுக்கு எளிதில் வரக்கூடியவை என்பதை மறக்க வேண்டாம்.

கடைசியாக, பராமரிப்பவர்களுக்கு மிகுந்த அக்கறையோடு ஒன்று. நேற்றுவரை தானே சாப்பிட்டவர், இன்று கரண்டியை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் பிடித்தபடி விழித்தால், நோய் முற்றிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். அல்சைமர் ஒரே இரவில் அப்படித் தாவுவதில்லை. சிறுநீர்த் தொற்றோ நிமோனியாவோ உடலில் கிளப்பும் அழற்சி, ஏற்கெனவே நலிந்திருக்கும் மூளையைத் திடீரென்று குழப்பத்தில் தள்ளக்கூடும். முதுமையில் காய்ச்சல் அடிக்காமலும் இது நேரலாம். அன்றே மருத்துவரிடம் காட்டித் தொற்றுக்குச் சிகிச்சை அளித்தால், இழந்த தெளிவு ஓரளவேனும் திரும்ப வாய்ப்புண்டு.