பங்குக் கோவிலில் வைக்கோல் குடில் கட்டுவது எப்படி?

கும்பகோணத்தில் எங்கள் பங்குக் கோவில் கிறிஸ்துமஸ் குடில் 12 வருஷமாக என் பொறுப்பு. வீட்டம்மாவும் இரண்டு பிள்ளைகளும் கூடவே நிற்பார்கள்.

முதல் கவலை வைக்கோல்தான். சம்பா அறுக்கத் தை பிறக்க வேண்டும். அதனால் குறுவை அறுத்ததுமே நாலு கட்டு சொல்லிவைத்து, நனையாத இடத்தில் ஏற்றிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒருமுறை தாழ்வாரத்தில் விட்டுவிட்டேன். பூஞ்சை நாற்றம் ஆளைத் தூக்கியது. திருப்பலிக்கு வந்த பாட்டிமார் இருமியே போனார்கள். அன்றைக்கு மனசு ரொம்ப நொந்தது.

சட்டத்துக்கு மூங்கில், கட்டத் தென்னங்கயிறு. கம்பி வேண்டாம், சின்னப் பிள்ளைகள் கை கிழியும்.

பச்சைப் புல்வெளிக்குப் பிளாஸ்டிக் விரிப்பு எனக்குப் பிடிக்காது. டிசம்பர் 13 இரவு கேழ்வரகை ஊறவைத்து, மறுநாள் தாம்பாளத்தில் மணலும் எருவும் கலந்து பரப்பி, நெருக்கமாகத் தூவுங்கள். மேலே ஈரச்சாக்கு. முளை கண்டதும் சாக்கை எடுத்து வெளிச்சத்தில் வையுங்கள். தண்ணீரைக் கையால் தெளித்தால் போதும், ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு ஓடிவிடும். 24ஆம் தேதிக்குள் நாற்றங்கால் மாதிரி நிற்கும். எங்கள் ஊர்ப் பெத்லகேம் அப்படித்தான் இருக்க வேண்டும்.

சீரியல் பல்பு வைக்கோலைத் தொடவே கூடாது. எல்இடி மட்டும் போடுங்கள், ஒயரை மூங்கிலோடு கட்டுங்கள், பிளக்கை ஈரத்தரைக்கு மேலே தூக்கி வையுங்கள்.

குழந்தை இயேசு சுரூபத்தை முன்கூட்டி வைக்காதீர்கள். தீவனத்தொட்டி நள்ளிரவுத் திருப்பலி வரை காலியாகவே கிடக்கட்டும்.