புல்தானே என்று விதைத்தால்

அறுகும் கோரையும் கேட்காமலே முளைக்கிற மண்ணில், காசு கொடுத்து வாங்கிய அழகுப் புல் விதை மட்டும் அடம்பிடிக்கும். பாலக்காட்டு சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் ஃபவுண்டன் கிராஸ், பம்பாஸ் கிராஸ் விதைக்கிறவர்கள் நெல்லுக்குச் செய்வதையே இதற்கும் செய்கிறார்கள். மண்ணைக் கிளறி, தூவி, மூடி, தண்ணீர் கட்டுவது. இந்த விதைக்கு அது ஆகாது.

விதை வாங்கும்போதே ஏமாறுவதும் உண்டு. நீல நிறப் பம்பாஸ் என்று படம் போட்டு விற்பதை நம்ப வேண்டாம். இயற்கையில் அதன் கதிர் வெள்ளை, கிரீம், மங்கிய இளஞ்சிவப்பு, அவ்வளவுதான், நீலம் சாயம். கருஞ்சிவப்பு இலையுள்ள 'ரூப்ரம்' ஃபவுண்டன் கிராஸ் நல்ல விதை வைப்பது அபூர்வம். வெட்டிவேரைப் போல அதையும் தூர் பிரித்துத்தான் நட வேண்டும்.

வாங்கிய விதையிலும் வெறும் பஞ்சு நிறைய இருக்கும். விரலிடுக்கில் உருட்டினால் கடினமாக ஒரு மணி தட்டுப்பட வேண்டும். ஈர டிஷ்யூவில் 20 விதையைப் பரப்பி, மூடியுள்ள கண்ணாடி டப்பாவில் வெயில் படாத வெளிச்சத்தில் இரண்டு வாரம் வையுங்கள். பத்து முளைத்தால் நாற்றுத் தட்டின் ஒரு குழிக்கு மூன்று நான்கு விதை போதும். ஐந்துக்கும் குறைந்தால் அள்ளித்தான் போட வேண்டும்.

பெரிய தவறு மூடுவது. தூசி போன்ற இந்த விதைக்கு, முக்கியமாகப் பம்பாஸுக்கு, முளைக்க வெளிச்சம் வேண்டும். அரை அங்குலம் மூடினாலே முளை மேலே வர வலுவில்லாமல் உள்ளேயே முடிந்துவிடும். மேலே தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்தினால் போதும். ஆனால் மேலாகக் கிடக்கும் விதை சீக்கிரம் காயும். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று இரண்டு மணி நேரத்தில் மேல்பரப்பை உலர்த்திவிடும். முளை விட்ட விதை ஒருமுறை காய்ந்தால் திரும்ப உயிர்க்காது. அதற்காகப் பூவாளியால் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலையில் சேரும். தட்டைத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே, கண்ணாடித் தாளால் மூடி வைத்து, முளை தெரிந்ததும் தாளை எடுத்துவிடுங்கள். எடுக்க மறந்தால் நாற்றழுகல்.

கரிசல் மண்ணில் நேரே விதைக்கவே வேண்டாம். காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் இறுகும். போதாததற்கு, அதில் முளைத்தது கோரையா உங்கள் புல்லா என்று தெரியாமல் நல்ல நாற்றைப் பிடுங்குவீர்கள். 98 குழி உள்ள நாற்றுத் தட்டில் தென்னை நார்க்கழிவு நிரப்புங்கள். பக்கத்துப் பொள்ளாச்சியில் தாராளமாகக் கிடைக்கும். கழுவாத நார்க்கழிவில் உப்பு அதிகம். நாற்றின் இலைநுனி கருகும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து வடிப்பதை மூன்று முறை செய்யுங்கள். எறும்பு விதையைத் தூக்கிப் போகும் என்பதால் மேசைக் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள்.

இரண்டாம் இலை வந்தபின் லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள கரையும் உரம்), வாரம் ஒருமுறை. கூட்டினால் வெளிறி நீண்டு சாயும். நான்கைந்து இலையானதும் தொட்டிக்கு மாற்றலாம். தண்டு தொடங்கும் இடத்தை மண்ணில் புதைக்காதீர்கள், மழையில் அழுகும்.

பச்சை ஃபவுண்டன் கிராஸ் விதை காற்றில் பறக்கும். ஹவாயில் அது காட்டுத்தீக்கு விறகாகிப் போன களை. பறம்பிக்குளம் காட்டை ஒட்டியிருப்பவர்கள் அதை விதைக்காமலிருப்பதே நல்லது. ஏற்கெனவே வளர்த்துவிட்டவர்கள் கதிர் பழுக்குமுன் அறுத்துச் சாக்கில் கட்டுங்கள், வாய்க்கால் கரையில் வீச வேண்டாம்.