தத்துக் கொடுக்க நினைக்கும் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் தமிழ் மட்டுமே தெரிந்த கர்ப்பிணிகளுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்கும், குழந்தைகளை ஒப்படைக்கும் அரசு அமைப்பான குழந்தைகள் நலக் குழுவுக்கும் போய் வருவது என் வேலை. கார்மென்ட்ஸ் பெண்கள், வீட்டு வேலை செய்கிறவர்கள், ஊரில் தெரிந்துவிடக் கூடாது என்று ஓசூரைத் தாண்டி வந்து இங்கே ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்கள் என்று பலரும் வருகிறார்கள். நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதையே இன்றைக்குப் புதிதாக வருகிறவர்களும் மறுபடி படுகிறார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் அக்கா, சித்திகளும் அப்படித்தான். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

வயிற்றை இறுக்கிக் கட்டி மறைப்பது, செக்கப்புக்குப் போகாமல் இருப்பது, நாட்டு மருந்து சாப்பிடுவது, இதெல்லாம் தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் சரியான வழி எது என்று சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யலாம். பிரசவத்துக்குப் பதிவு செய்திருக்கும் அரசு ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளர் இருந்தால் அவரிடம் சொல்லலாம். மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ, அரசு அங்கீகாரம் பெற்ற தத்து நிறுவனத்துக்கோ நேரிலும் போகலாம். பிரசவத்துக்கு முன்பே போனால் கவுன்சலிங் கிடைக்கும். தங்க இடம் இல்லாதவர்களுக்கு சக்தி சதன் போன்ற இல்லங்கள் உண்டு. பெண்கள் உதவி எண் 181க்குப் பேசினால் வழி சொல்வார்கள். இதில் எதற்கும் கட்டணம் கிடையாது. ஆனால் குழந்தை பிறக்கும் முன் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, பிறந்த குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் ஒப்படைப்புப் பத்திரம். ஏழாம் மாதமே யாராவது ஸ்டாம்ப் பேப்பரை நீட்டினால், அவர் யார் என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம்.

வேறொருத்தி பெயரில் அட்மிஷன் ஆவது

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான்.

எப்படி ஆரம்பிக்கும் தெரியுமா? வீட்டு ஓனரம்மாவுக்குத் தெரிந்த ஒருவர். அவருக்குத் தெரிந்த நர்ஸ். அந்த நர்ஸுக்குத் தெரிந்த, கல்யாணமாகிப் பல வருஷமாகக் குழந்தையில்லாத ஒரு தம்பதி. "ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க. நீ ஒண்ணும் பண்ண வேணாம். அட்மிஷன்ல மட்டும் அந்தக்காவோட ஆதாரைக் குடுத்துடலாம். உன் பேரே எங்கயும் வராது." வெளியே தெரியக் கூடாது என்று தவிக்கிற பெண்ணுக்கு அந்தக் கடைசி வரி ஒன்று போதும்.

பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் வேலை பார்த்த தர்மபுரிப் பெண் இப்படித்தான் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் சேர்ந்தாள். கேஸ் ஷீட்டில் அந்தத் தம்பதியில் மனைவியின் பெயர். பிள்ளையின் கையில் கட்டிய பட்டையிலும் அதே பெயர். ஃபைலில் செருகியிருந்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டும் அந்த அம்மாவுடையதுதான், பி பாசிட்டிவ் என்று. இவளுக்கோ ஓ நெகட்டிவ். நெகட்டிவ் ரத்தமுள்ள தாய்க்குப் பாசிட்டிவ் குழந்தை பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும். போடாவிட்டால் இந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, அவள் அடுத்துச் சுமக்கும் பிள்ளைக்குத்தான் ஆபத்து. ஃபைல் பாசிட்டிவ் என்று சொன்னதால் யாரும் ஊசியைப் பற்றி யோசிக்கவே இல்லை. எங்களிடம் வந்தபோது அந்தக் கெடு எப்போதோ முடிந்திருந்தது.

எங்களிடம் அவள் வந்ததே வேறு காரணத்துக்காக. பால் கட்டிக்கொண்டது, மனசு மாறிவிட்டது, பிள்ளை வேண்டும் என்கிறாள். "அவங்க நல்லவங்கதான்க்கா. பழமெல்லாம் வாங்கிட்டு வருவாங்க. கேட்டா குடுத்துருவாங்க." கேட்டாள். போனை எடுக்கவில்லை. சரி, புகார் கொடுக்கலாம் என்றால் எதைக் காட்டுவது? ஆஸ்பத்திரிப் பதிவேட்டின்படி அவள் அங்கே பிரசவமே ஆகவில்லை. பிரசவ விவரத்தை ஆஸ்பத்திரி 21 நாளுக்குள் பிறப்புப் பதிவுக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பதிவிலும் அந்த அம்மாதான் பெற்றவள். இதை மாற்ற வேண்டுமென்றால் போலீஸ், கோர்ட், டிஎன்ஏ பரிசோதனை வரை போக வேண்டும். போனால் முதல் கேள்வியே இவளைப் பார்த்துத்தான் வரும்: எவ்வளவு வாங்கினாய்?

சட்டம் இதைத் தத்து என்று பார்ப்பதில்லை. குழந்தையை விற்பதும் வாங்குவதும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 81ஆம் பிரிவின் கீழ் 5 வருஷம் வரை கடுங்காவலும் ஒரு லட்ச ரூபாய் அபராதமும் உள்ள குற்றம். ஆஸ்பத்திரி ஊழியர் உடந்தையாக இருந்தால் குறைந்தது 3, அதிகபட்சம் 7 வருஷம். பணம் கைமாறாவிட்டாலும், ஒப்படைக்கப்பட்ட குழந்தையை முறையை மீறித் தத்துக் கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் 80ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. 2023 நவம்பரில் இங்கே ராஜராஜேஸ்வரி நகரில், காரில் பச்சைக் குழந்தையோடு வந்த கும்பலைப் போலீஸ் பிடித்தது நினைவிருக்கலாம். பிடிபட்டவர்களில் தமிழ்நாட்டுக்காரர்கள் இருந்தார்கள். நம் பாஷை பேசுகிறவர்கள்தான் நம் பெண்களிடம் வருவார்கள். "நம்ம ஊர்க்காரங்க" என்று யாராவது நெருங்கிவந்தால் கூடுதலாகவே ஜாக்கிரதை.

பெயர் வெளியே வரக் கூடாது என்பதற்குப் பொய்ப் பெயர் தேவையே இல்லை என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். குழுவின் முன் முறையாக ஒப்படைக்கும் குழந்தைக்குப் பத்திரிகை விளம்பரம் கிடையாது. கல்யாணமாகாத பெண் என்றால், கூடுமானவரை குழுவின் ஒரு பெண் உறுப்பினர் முன்னிலையிலேயே பத்திரத்தில் கையெழுத்து வாங்கச் சொல்லி விதி இருக்கிறது. உங்கள் ஆதார், உங்கள் தாய் கார்டு (கர்ப்பச் செக்கப் அட்டை), உங்கள் ரத்தப் பிரிவு. இதோடு மட்டும் அட்மிஷன் ஆகுங்கள்.

"இவங்களுக்குத்தான் கொடுப்பேன்"

குழு வழியாக ஒப்படைத்தால், யார் வளர்ப்பது என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. விண்ணப்பித்துக் காத்திருப்பவர்களுக்கு, மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான காராவின் வரிசைப்படிதான் போகும். வெளிநாட்டுக்குப் போகவும் வாய்ப்புண்டு, பத்திரத்திலேயே அது இருக்கும். 2022 செப்டம்பரிலிருந்து தத்து ஆணையைக் கோர்ட்டுக்குப் பதில் மாவட்ட ஆட்சியர், அதாவது இங்கே டிசி, கொடுக்கிறார். அதற்காக உங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

தெரிந்தவருக்கு நேரடியாகக் கொடுப்பதற்கு 1956ஆம் வருஷத்து இந்துத் தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம் இருக்கிறதே என்று ஏஜென்ட்டுகள் சொல்வார்கள். இருக்கிறது. ஆனால் அதிலும் கொடுக்கிறவர் குழந்தையைப் பெற்றவராக, உண்மையான பெயரோடு இருக்க வேண்டும். தத்துக்காகப் பணம் கைமாறினால் அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவிலும் தண்டனை உண்டு.

பணம்

வாங்காதீர்கள். "சத்தா சாப்பிடும்மா" என்று கொடுத்தாலும்.

தொட்டிலில் போட்டுவிட்டுப் போவது

1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததிலிருந்து, தொட்டில்தான் ரகசியம் என்று நம் மக்கள் மனதில் ஊறிப்போயிருக்கிறது. குப்பைத் தொட்டியைவிடத் தொட்டில் ஆயிரம் மடங்கு மேல், அதில் சந்தேகமில்லை. ஆனால் குழுவிடம் நேரில் ஒப்படைப்பதும் இதுவும் ஒன்றல்ல. தொட்டிலில் கிடைத்த குழந்தை கைவிடப்பட்ட குழந்தை. பெற்றோரைத் தேடியாக வேண்டும், அதனால் குழந்தையின் படத்தோடு நாளிதழில் அறிவிப்பு வரும். யாருக்கும் தெரியக் கூடாது என்று விட்டுவிட்டுப் போன பிள்ளையின் முகம் மறுவாரம் பேப்பரில் இருக்கும். அப்புறம் பிள்ளையின் உடம்பைப் பற்றியோ குடும்பத்து நோய்களைப் பற்றியோ சொல்ல ஆளே இருக்காது.

கையெழுத்து யாருடையது

கல்யாணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை என்றால் தாயின் கையெழுத்து மட்டும் போதும். குழந்தையின் தகப்பனைத் தேடிப் பிடித்துக் கூட்டிவர வேண்டியதில்லை. உங்கள் அப்பாவோ அண்ணனோ உங்களுக்காகப் போடவும் முடியாது. கல்யாணமானவர் என்றால் கணவன், மனைவி இருவரும் போட வேண்டும். அவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ். எங்கே போனார் என்றே தெரியாவிட்டால் குழந்தை கைவிடப்பட்டதாகக் கணக்கில் வரும், அந்தத் தேடுதல் நடைமுறை முழுவதும் நடக்கும். "கல்யாணமே ஆகலைன்னு சொல்லிடு" என்று சொல்லிக்கொடுத்துக் கூட்டிவருகிறார்கள் பாருங்கள், அதுதான் பின்னால் தத்தையே சிக்கலாக்கும்.

18 வயது ஆகாதவர்

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி ஆஸ்பத்திரி போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும். வயதைக் கூட்டிச் சொல்லாதீர்கள்.

இரண்டு மாதத்தை மறந்துவிடுவது

கையெழுத்துப் போட்ட அன்றைக்கே எல்லாம் முடிந்துவிடாது. யோசிப்பதற்கு இரண்டு மாதம் சட்டமே தருகிறது. அதற்குள் குழுவிடம் போய்ப் பிள்ளையைத் திரும்பக் கேட்கலாம். விசாரித்துவிட்டு, குழுவின் கண்காணிப்பில் பிள்ளையை அந்த இரண்டு மாதமும் தாயிடமே விடவும் வழி இருக்கிறது. இதைக் கேட்பதே இல்லை யாரும். இங்கே நடப்பது என்ன? சிம் கார்டை உடைத்துப் போட்டுவிட்டு ஊர் பஸ் ஏறிவிடுகிறார்கள். மனசு மாறும்போது யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் மூன்றாம் மாதம் வந்து நிற்கிறார்கள். அதற்குள் குழந்தையைத் தத்துக்குச் சட்டப்படி தகுதியானது என்று குழு அறிவித்திருந்தால் நாங்களும் ஒன்றும் செய்ய முடியாது. பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். குழுவின் நம்பரைப் போனில் வேறு ஏதாவது பெயரில் சேவ் செய்துகொள்ளுங்கள்.

படிக்காமல் போடும் டிக்

இங்கே காகிதங்கள் கன்னடத்தில் இருக்கும், இல்லாவிட்டால் ஆங்கிலத்தில். படபடப்பில் எதற்கும் "ஹௌது, ஹௌது" என்று தலையாட்டிவிடுகிறார்கள். "தமிழ்ல சொல்லுங்க" என்று நிறுத்திக் கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முக்கியமாக, ஒப்படைப்புப் பத்திரத்தில் ஒரு வரி வரும். பிள்ளை வளர்ந்து தன் வேரைத் தேடி வந்தால் உங்கள் பெயரையும் முகவரியையும் சொல்லலாமா, வேண்டாமா என்று. அது உங்கள் முடிவு. எழுதிக்கொண்டிருக்கிறவர் பேனாவால் தானாக ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினால், அவரை நிறுத்தி, எதில் டிக் போட்டார் என்று கேளுங்கள்.