பழைய யுனிக்ஸில் டயல்-அப் அஞ்சல்: என் அனுபவம்

ரிச்சி தெருவில் வாங்கிய 386 கணினியில் எஸ்சிஓ நிறுவனத்தின் யுனிக்ஸ் 3.2 இயங்குதளம் இருந்தது. மயிலாப்பூர் வீட்டில் இப்போது லேண்ட்லைன் இல்லை. அதனால் சின்ன இன்டர்காம் பெட்டியில் இரண்டு மோடம்களை (தொலைபேசி லைன் வழியே கணினிகளை இணைக்கும் கருவி) மாட்டி, மறுமுனையில் ஒரு லினக்ஸ் கணினியில் யுயுசிபி (கணினிகளுக்கிடையே அஞ்சலையும் கோப்புகளையும் அனுப்பும் பழைய யுனிக்ஸ் மென்பொருள்) வைத்தேன்.

முதலில் 'நோ டயல்டோன்' என்றே வந்தது. இன்டர்காமின் டோன் வேறு மாதிரி. மோடத்துக்கு எக்ஸ்3 என்ற கட்டளையைக் கொடுத்ததும் டோனுக்குக் காத்திராமல் டயல் செய்தது. சரி, அது எளிது.

அடுத்த சிக்கல் மூன்று இரவுகளைத் தின்றது. முதல் அழைப்பில் அஞ்சல் போகும்; லைன் மட்டும் துண்டிக்காது. அடுத்த அழைப்புக்கு வழியே இருக்காது. காரணம் இதுதான்: யுயுசிபி எந்த போர்ட்டில் (மோடம் மாட்டிய இணைப்பு) டயல் செய்ய வேண்டும் என்று சொல்லும் டிவைசஸ் கோப்பில், போர்ட் பெயரின் கடைசி ஆங்கில 'ஏ'வைச் சின்ன எழுத்தில் போட்டிருந்தேன். எஸ்சிஓவில் ஒரே போர்ட்டுக்கு இரண்டு பெயர்: சின்ன எழுத்தில் மோடம் கட்டுப்பாடு (மோடத்தின் சிக்னல்களைக் கணினி கவனிப்பது) கிடையாது, பெரிய எழுத்தில் உண்டு. கோப்பில் அதைப் பெரிய எழுத்தாக மாற்றினேன். அப்புறம் மோடத்தில், இந்தச் சிக்னல்களுக்கான கட்டளைகளான &சி1, &டி2 வைத்தேன். டிடிஆர் சிக்னல் (கணினி தயார் என்று மோடத்துக்குச் சொல்வது) விழுந்ததும் மோடம் தானாகவே லைனை விட்டது. அந்த 'டக்' சத்தம் கேட்டபோது அத்தனை சந்தோஷம்!

கடைசியாக ஒரு குறிப்பு: மறுமுனைக் கணினியில் நுழையும் விதத்தைச் சொல்லும் சிஸ்டம்ஸ் கோப்பில், 'லாகின்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தை விட்டுவிட்டு எழுதுங்கள். மறுமுனை அந்த முதல் எழுத்தை மட்டும் பெரிய எழுத்தில் அனுப்பினாலும் பொருந்தும்.