பிஎஃப் கணக்கில் விலகிய தேதி இல்லையா? நாமே போடலாம்

வேலை மாறி ஏழு மாதம் கழித்து, பழைய கம்பெனியின் பிஎஃப் பணத்தைப் புதிய கணக்குக்கு மாற்றப் போனேன். விலகிய தேதி இல்லாததால் வேலை நடக்கவில்லை. பழைய எச்ஆருக்கு நான்கு மெயில் போட்டேன். 'பார்க்கிறோம்' என்று ஒரு பதில், அத்தோடு சரி. கடைசிச் சந்தா (சம்பளத்தில் பிடித்து பிஎஃப்புக்குக் கட்டும் பணம்) விழுந்து இரண்டு மாதம் கடந்துவிட்டால் அந்தத் தேதியை நாமே போட்டுக்கொள்ளலாம் என்று அப்புறம்தான் தெரிந்தது.

படி 1. ஆதாரோடு இணைத்த மொபைலைக் கையில் வைத்துக்கொண்டு, யுஏஎன் நம்பரை (பிஎஃப் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் உள்ள தனி எண்) போட்டு, பிஎஃப்பை நிர்வகிக்கும் இபிஎஃப்ஓவின் உறுப்பினர் தளத்துக்குள் போங்கள். 'வியூ' மெனுவில் 'சர்வீஸ் ஹிஸ்டரி'. பழைய கம்பெனிக்கு நேரே விலகிய தேதி இல்லையென்றால் அடுத்த படி.

படி 2. பாஸ்புக்கைத் திறந்து கடைசிச் சந்தா எந்த மாதத்துக்கு என்று பாருங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். மே மாதச் சம்பளத்தில் பிடித்த பணத்தைக் கம்பெனி ஜூன் 15-க்குள் கட்டினால் போதும். அதனால் பாஸ்புக்கில் 'வேஜ் மந்த்' மே என்றும், பக்கத்திலேயே 'டியூ மந்த்' 06 என்றும் இருக்கும். நமக்கு வேண்டியது வேஜ் மந்த். மே 27-இல் விலகியவர் மே 27 என்றே போட வேண்டும். ஜூனைப் பார்த்து ஏமாறக்கூடாது.

அப்படியே சம்பளச் சீட்டுகளையும் ஒத்துப் பாருங்கள். சீட்டில் பிடித்த பணம் பாஸ்புக்கில் ஏறவில்லையா? தேதியைத் தொடாதீர்கள். இப்போது தேதி போட்டால் கட்டாமல் விட்ட மாதங்கள் உங்கள் சர்வீஸிலிருந்து போய்விடும். மாத பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும் என்பதால் அது சின்ன நஷ்டம் இல்லை. முதலில் அந்தச் சீட்டுகளை இணைத்து இபிஎஃப்ஓவின் புகார் தளத்தில் புகார் கொடுங்கள்.

படி 3. கணக்கு சரியாக இருந்தால் 'மேனேஜ்' மெனுவில் 'மார்க் எக்சிட்'. பழைய கம்பெனியைத் தேர்ந்தெடுத்து, ரிலீவிங் லெட்டரில் உள்ள தேதியைப் போடுங்கள். அது கடைசிச் சந்தா மாதத்துக்குள் இருக்க வேண்டும். சாதாரணமாக ராஜினாமா செய்தவர்களுக்குக் காரணம் 'செசேஷன் (ஷார்ட் சர்வீஸ்)'. மொபைலுக்கு ஓடிபி வரும். அதை அடிப்பதற்கு முன் தேதியை இன்னொரு முறை வாய்விட்டுப் படியுங்கள். ஏற்றிய பிறகு திருத்துவது வீண் அலைச்சல்.

படி 4. திரும்ப சர்வீஸ் ஹிஸ்டரிக்குப் போய்த் தேதி ஏறியிருக்கிறதா என்று பார்த்து, ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு 'ஆன்லைன் சர்வீசஸ்' மெனுவில் 'ஒன் மெம்பர் ஒன் இபிஎஃப் அக்கவுன்ட்' வழியாகப் பணத்தை மாற்ற விண்ணப்பிக்கலாம். ஒப்புதல் தரப் பழைய கம்பெனி, புதிய கம்பெனி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், புதியதைக் கொடுங்கள். மெயிலுக்கே பதில் போடாதவர்களிடம் மறுபடி போய் நிற்பானேன்?